சிங்கப் போர்வை போர்த்திய மன்னர்

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. அங்குள்ள பழைய அரண்மனையின் கருவூலத்தில் ஒரு பட்டுப் போர்வை இருக்கிறது.

செக்கச் சிவந்த பட்டு. அகலம் 11 அடிக்கு மேல். அரை வட்டமாக வெட்டித் தைத்தது. தோளில் போட்டு முன்புறம் மாட்டிக்கொள்ள வேண்டும்.

நடுவே ஒரு பேரீச்சமரம். மரத்தின் இரு பக்கமும் இரண்டு சிங்கங்கள். ஒவ்வொரு சிங்கமும் ஓர் ஒட்டகத்தை அடித்து வீழ்த்தி அதன்மேல் நிற்கிறது. எல்லாம் தங்க இழை வேலை. கோடுகள் நெடுக முத்துக்கள், ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில்.

போர்வையின் வளைந்த விளிம்பில் தங்க எழுத்துக்கள் ஓடுகின்றன. அவை அரபு எழுத்துக்கள். கூஃபி என்ற பழைய பாணியில் அமைந்தவை. அரசருக்கு நலமும் பெருமையும் ஓங்கட்டும் என்று வாழ்த்துகின்றன. சிசிலியின் தலைநகரில், அரண்மனைப் பட்டறையில், ஹிஜ்ரி 528-ம் ஆண்டில் இது செய்யப்பட்டது என்றும் சொல்கின்றன. கிறிஸ்தவக் கணக்கில் அது 1133 அல்லது 1134.

யாரோ ஒரு சுல்தானுக்காகச் செய்த போர்வை என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படியல்ல. இது ஒரு கிறிஸ்தவ மன்னருக்காகச் செய்யப்பட்டது. சிசிலித் தீவின் முதல் மன்னரான இரண்டாம் ரோஜர்தான் அவர்.

அந்தக் காலம் சிலுவைப் போர்களின் காலம். சிலுவையும் பிறையும் ஜெருசலேமுக்காக ரத்தம் சிந்திக்கொண்டிருந்தன. அப்போது ஒரு கிறிஸ்தவ மன்னர் அரபு எழுத்தைத் தோளில் சுமந்தார் என்றால், காரணம் இல்லாமல் இருக்குமா?

பிழைக்க வந்த வீரர்கள்

இத்தாலியின் வரைபடம் நீண்ட பூட்ஸ் காலைப் போல இருக்கும். அந்தக் கால் எத்தித் தள்ளுகிற கல்லைப் போலப் பக்கத்திலே ஒரு தீவு. அதுதான் சிசிலி. அதற்குத் தெற்கே கடலைத் தாண்டினால் ஆப்பிரிக்கா.

இப்படி நடுவழியில் இருந்ததால் வந்தவர் போனவர் எல்லோரும் அந்தத் தீவை ஆண்டார்கள். கான்ஸ்டாண்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிரேக்கப் பேரரசு நெடுங்காலம் ஆண்டது. 827-ம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து அராபியர் வந்து இறங்கினார்கள். 831-ல் பாலெர்மோ நகரம் அவர்கள் வசமாயிற்று. அராபியர் வாய்க்கால் வெட்டினார்கள். எலுமிச்சையும் கரும்பும் பயிரிட்டார்கள். பாலெர்மோவில் நூற்றுக்கணக்கான பள்ளிவாசல்கள் எழுந்தன.

அதற்குப் பிறகு வந்தவர்கள் நார்மன்கள். பிரான்சின் வடகோடியில் உள்ள நார்மண்டிதான் அவர்கள் சீமை. அங்கே டான்கிரெட் என்று ஒரு சிறு நிலக்கிழார் இருந்தார். அவருக்கு ஆண் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். இருந்த நிலம் அத்தனை பேருக்கும் காணாது. ஆகவே பிள்ளைகளில் பலர் குதிரையும் கத்தியுமாகத் தென் இத்தாலிக்குப் பிழைக்கப் போனார்கள். கூலிக்குச் சண்டை போட்டார்கள். பிறகு, கூலி கொடுத்தவர்களின் நிலத்தையே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டார்கள்!

கடைக்குட்டியின் பெயர் ரோஜர். அவரும் அண்ணன் ராபர்ட்டும் சேர்ந்து 1072-ல் பாலெர்மோவைப் பிடித்தார்கள். 1091-ல் தீவு முழுவதும் கைக்கு வந்தது. ரோஜர் சிசிலியின் பிரபு ஆனார். போர்வைக்குச் சொந்தக்காரரான ரோஜருக்கு இவர் தகப்பனார்.

பிடித்தாயிற்று. ஆளுவது எப்படி?

நார்மன்கள் கைவிரல் விட்டு எண்ணத்தக்க கூட்டம். குடிமக்களில் முஸ்லிம்கள் ஏராளம். அவர்களை அடுத்து கிரேக்கர். நிலக்கணக்கு, வரிக்கணக்கு எல்லாம் அரபு மொழியில் இருந்தன. அவற்றைப் படிக்கவே நார்மன்களுக்குத் தெரியாது. குடிகளை விரட்டினால் உழுவதற்கு ஆள் இல்லை, நெய்வதற்கு ஆள் இல்லை, கணக்கெழுத ஆள் இல்லை.

ஆகவே பெரிய ரோஜர் ஒரு வழி கண்டார். அவரவர்க்கு அவரவர் மதம், அவரவர் சட்டம், அவரவர் நீதிபதி. அரபுக் கணக்கர்கள் அப்படியே வேலையில் இருந்தார்கள். அராபியர் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் தலைவரி கட்டினார்கள். இப்போது முஸ்லிம்கள் அதே தலைவரியைக் கட்டினார்கள். மாறியது அவ்வளவுதான்.

இது பெருந்தன்மையா, பிழைக்கும் வழியா என்று கேட்டால் பிழைக்கும் வழி என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த வழியில்தான் மகன் வளர்ந்தான்.

ஒன்பது வயதுப் பிரபு

மகன் ரோஜர் 1095-ம் ஆண்டு டிசம்பரில் பிறந்தான். 1101-ல் தகப்பனார் இறந்தார். பட்டத்துக்கு வந்த அண்ணன் சைமன் 1105-ல் இறந்தான். ஒன்பது வயதுச் சிறுவன் சிசிலிக்குப் பிரபு ஆனான்.

ஆட்சியை நடத்தியவர் தாயார் அடிலேடு. இளம் விதவை, கெட்டிக்காரி. 1109-ம் ஆண்டில் அவர் அனுப்பிய கட்டளை ஒன்று இன்றும் பாலெர்மோ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு கிரேக்கத் துறவிமடத்துக்குத் தொல்லை வராமல் பாதுகாக்கும்படி முஸ்லிம் அதிகாரிகளுக்கு அவர் இட்ட கட்டளை அது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்டது. ஐரோப்பா முழுவதும் தோலில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது காகிதத்தில் எழுதப்பட்டது. தேதியிட்ட காகித ஆவணங்களில் ஐரோப்பாவில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது என்று இதைச் சொல்கிறார்கள்.

வீட்டில் பிரெஞ்சு, அலுவலகத்தில் கிரேக்கம், தெருவில் அரபு. இப்படி வளர்ந்தான் சிறுவன். பெரியவனான பிறகும் அவர் கையெழுத்துப் போட்டது கிரேக்கத்தில்தான்.

1112-ல் ரோஜர் பொறுப்பை ஏற்றார். தாயாருக்கு மறுமணம் நடந்தது. மாப்பிள்ளை, ஜெருசலேமை ஆண்ட சிலுவைப் போர் அரசர் பால்ட்வின். கப்பல் கப்பலாகச் சீர் கொண்டுபோனார் அடிலேடு. ஆனால் பால்ட்வினுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த உறவு சட்டப்படி அறவே இல்லை. சீர்ப்பணம் செலவழிந்த பிறகு, 1117-ல், திருமணம் செல்லாது என்று சொல்லி அடிலேடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார்.

அம்மாவுக்கு நேர்ந்த அவமானத்தை ரோஜர் மறக்கவில்லை. சிலுவைப் போர்களிலிருந்து அவர் விலகியே நின்றார்.

முடி வந்தது, பகையும் வந்தது

பிரபுவாக இருந்தது போதாது, மன்னராக வேண்டும் என்ற ஆசை ரோஜருக்கு வந்தது. முடி கொடுக்க வேண்டியவர் போப் ஆண்டவர். 1130-ல் ரோமாபுரியில் இரண்டு போப்புகள்! இருவருள் யார் உண்மையான போப் என்று ஐரோப்பாவே பிளவுபட்டு நின்றது. ஆதரவு தேடி அலைந்தார் அவர்களில் ஒருவரான அனாக்லீட்டஸ். ரோஜர் அவரை ஆதரித்தார். பதிலுக்கு முடி வந்தது.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பாலெர்மோவில் முடிசூட்டு விழா. சிங்கப் போர்வை அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நெய்யப்பட்டது. ஆகவே முடிசூடும்போது அதைப் போர்த்தியிருக்க முடியாது.

ஆனால் மற்ற அரசர்கள் மற்றொரு போப்பான இன்னசெண்டின் பக்கம் நின்றார்கள். ரோஜர் திருட்டு மன்னர் என்று ஏசினார்கள். தென் இத்தாலிப் பிரபுக்கள் கலகம் செய்தார்கள். ஜெர்மன் பேரரசரே படை எடுத்து வந்தார். பத்து ஆண்டுகள் ஓயாத போர். களத்தில் ரோஜர் தோற்றதுதான் அதிகம். காத்திருப்பதில்தான் அவர் கெட்டிக்காரர். எதிரி அலுத்துப்போய் ஊர் திரும்பும்வரை காத்திருந்து, விட்ட ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்வார்.

இதற்கு நடுவே 1135-ல் மனைவி எல்விரா இறந்தார். ரோஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. மன்னரும் செத்துப்போனார் என்ற வதந்தி கடல் தாண்டிப் பரவியது. அதை நம்பிக் கலகக்காரர்கள் மீண்டும் கிளம்பினார்கள்.

கோபம் வந்தால் அவர் பொல்லாதவர். ரைனுல்ப் என்ற பிரபு அவருடைய சகோதரியின் கணவர். ஆனால் பரம எதிரி. 1139-ல் ரைனுல்ப் நோயில் இறந்தார். ரோஜர் விட்டாரா? அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுக்கச் செய்து வீதியில் கயிறு கட்டி இழுக்கவைத்தார்.

அதே 1139-ல் போப் இன்னசெண்டே படையுடன் வந்தார். ரோஜரின் மகன் பதுங்கியிருந்து பாய்ந்து அவரைப் பிடித்துவிட்டான். சிறைப்பட்ட போப்பின் முன் ரோஜர் பணிவாக மண்டியிட்டார். மூன்றே நாளில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சிசிலி மன்னர் என்று போப்பே ஒப்புக்கொண்டார். இதற்குப் பிறகுதான் ரோஜருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

அரண்மனைக் கோவில்

பாலெர்மோ அரண்மனைக்குள் ரோஜர் ஒரு சிறு மாதா கோவில் கட்டினார். புனித பேதுரு பெயரில். அதற்கு மானியம் எழுதிக்கொடுத்தது 1140-ல். கும்மட்டத்தின் உட்புறம் 1143 என்ற ஆண்டைக் குறிக்கும் கிரேக்கக் கல்வெட்டு போன்ற எழுத்து மொசைக்கில் அமைந்திருக்கிறது. கோவிலின் நீளம் நூறு அடிக்குச் சற்று மேல். நம் ஊர்ப் பெரிய கோவில் மண்டபம் ஒன்றில் அடங்கிவிடும்.

ஆனால் உள்ளே போனவர்கள் வாய் பேச மாட்டார்கள்.

கோவிலின் நீண்ட கூடம், இரு வரிசைத் தூண்கள் எல்லாம் ரோமாபுரிக் கோவில்களின் அமைப்பு. தூண்களுக்கு மேலுள்ள வளைவுகள் மட்டும் ரோமாபுரி வளைவைப் போல அரை வட்டமாக இல்லை. பள்ளிவாசல் வளைவைப் போல உச்சி கூராக இருக்கின்றன.

பீடத்துப் பக்கம் சுவரெல்லாம் பொன். அது கிரேக்கரின் மொசைக் வேலை. தங்க ரேக்கை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து உருக்கி ஒட்டி, அதைப் பட்டாணி அளவுக்குத் துண்டு துண்டாக உடைப்பார்கள். ஈரச் சுண்ணாம்பில் அவற்றை ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். எல்லாத் துண்டுகளையும் ஒரே மட்டமாகப் பதிக்க மாட்டார்கள். சற்றே சாய்த்துச் சாய்த்துப் பதிப்பார்கள். மெழுகுவத்தி வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் மின்னும். சுவரே அசைவது போல இருக்கும். கும்மட்டத்தின் உச்சியில் ஏசுநாதர், சுற்றிலும் தேவதூதர்கள்.

இப்போது அண்ணாந்து நடுக்கூடத்தின் கூரையைப் பார்க்க வேண்டும். அது வேறு உலகம்.

மெல்லிய மரப் பலகைகளைச் சிறு சிறு மாடக்குழிகளாக வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் தேன்கூடு போலத் தெரியும். நடுவில் எட்டு முனை நட்சத்திரங்கள். முகர்னாஸ் என்று இந்த வேலைக்குப் பெயர். பள்ளிவாசல்களிலும் சுல்தான்களின் மாளிகைகளிலும் காணும் வேலை இது. இந்தக் கூரை எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. மேலே உள்ள உண்மையான கூரையிலிருந்து தொங்குகிறது. முழுக்க முழுக்க அழகுக்காகச் செய்தது.

ஒவ்வொரு மாடக்குழியிலும் ஓவியம். அரபுப் பாணியில் சம்மணமிட்டு உட்கார்ந்து கோப்பை ஏந்திய அரசர். யாழ் மீட்டுகிறவர்கள், குழல் ஊதுகிறவர்கள், ஆடும் பெண்கள். இரண்டு பேர் சதுரங்கம் ஆடுகிறார்கள். ஒட்டகம் போகிறது, யானை வருகிறது. சுற்றிலும் அரபு எழுத்தில் வெற்றி, நலம், நிறைவு என்று வாழ்த்துச் சொற்கள்.

பூசை நடக்கும் கோவிலின் கூரையில் ஆட்டமும் பாட்டும்! பாதிரிமார்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்று தோன்றலாம். அந்தக் கூடத்தின் ஒரு கோடியில் பீடம். மறு கோடியில் ரோஜரின் சிம்மாசன மேடை. ஆண்டவன் பக்கத்தைக் கிரேக்கர் அலங்கரித்தார்கள். அரசன் பக்கத்தை அராபியர் அலங்கரித்தார்கள். அரச மாளிகை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது மத்தியதரைக் கடல் சுற்றுவட்டாரத்தில் அராபியருக்குத்தானே நன்றாகத் தெரியும்?

அந்தக் காலத்தில் எகிப்தில் இருந்த கலீபாக்களின் மாளிகைகள் அழிந்துவிட்டன. அவற்றின் ஓவியங்களும் போய்விட்டன. ஆகவே அந்தக் காலத்து இஸ்லாமிய ஓவியத்தின் மிகப் பெரிய தொகுதியைப் பார்க்க வேண்டும் என்றால் இன்றும் இந்த மாதா கோவிலுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு கல்லில் மூன்று மொழி

கோவிலுக்கு அருகே அரண்மனைச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1142-ல் ரோஜர் ஒரு நீர்க்கடிகாரம் செய்யவைத்தார். அதைப் பற்றிய கல்வெட்டு அது. மேலே லத்தீன், நடுவே கிரேக்கம், கீழே அரபு. ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்கவில்லை. ஒவ்வொரு மொழிக்காரரும் தங்கள் வழக்கப்படி மன்னரைப் புகழ்ந்திருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கும் அவரவர் முறைப்படி! கடிகாரம் போய்விட்டது, கல் இருக்கிறது.

அரசர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஒரு பாதிரியார் தம் தாயார் அன்னாவுக்கு 1149-ல் கல்லறைக் கல் வைத்தார். அதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. லத்தீன், கிரேக்கம், அரபு. நான்காவதாக, யூதர்களின் எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. அந்த வழியே போகிற எவரும் அம்மாவின் பெயரைப் படிக்க வேண்டும் என்ற ஆசை.

ரோஜரின் முதல் மந்திரி ஜார்ஜ் என்பவர். அந்தியோக்கியாவில் பிறந்த கிரேக்கக் கிறிஸ்தவர். ஆப்பிரிக்காவில் மஹ்தியா நகரத்து முஸ்லிம் அரசரிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவருக்கு ரோஜர் கொடுத்த பட்டம் அமீர்களின் அமீர் என்பது. கடற்படைத் தலைவரை இன்று அட்மிரல் என்கிறோமே, அந்தச் சொல் அமீர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

ஜார்ஜும் பாலெர்மோவில் ஒரு மாதா கோவில் கட்டினார். அங்கே மொசைக்கில் ரோஜரின் உருவம் இருக்கிறது. கிரேக்கச் சக்கரவர்த்தி உடுத்தும் உடை. தலை தாழ்ந்திருக்கிறது. ஏசுநாதரே தம் கையால் முடியை வைக்கிறார். இருவர் முகமும் ஒரே சாயல்! தலைக்கு மேலே ரோஜர் மன்னர் என்று எழுதியிருக்கிறது. சொல் லத்தீன், எழுத்து கிரேக்கம். அந்தப் படத்தில் போப் ஆண்டவருக்கு இடமே இல்லை. அதைக் கண்ட ரோமாபுரிக்காரர்களுக்கு அர்த்தம் புரிந்திருக்கும்.

எல்லாக் கலைஞர்களும் விரும்பி வந்தவர்கள் அல்லர். 1147-ல் ஜார்ஜ் கப்பற்படையுடன் போய்க் கிரீசைச் சூறையாடினார். தீப்ஸ் நகரத்துப் பட்டு நெசவாளர்களைச் சிறைபிடித்துக் கொண்டுவந்தார். அரண்மனைப் பட்டறையில் உட்காரவைத்தார். பாலெர்மோப் பட்டின் பெருமையில் அவர்கள் கண்ணீரும் கலந்திருக்கிறது.

வெள்ளியில் உலகம்

ரோஜரின் அன்புக்குரிய அறிஞர் அல் இத்ரீசி. நபிகள் நாயகத்தின் வழியில் வந்த குடும்பத்தவர். உலகத்தில் எந்த ஊர் எங்கே இருக்கிறது, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் மன்னர் கொடுத்த வேலை.

வியாபாரிகள், மாலுமிகள், யாத்திரிகர்கள் வந்தால் அரண்மனைக்கு அழைத்து விசாரித்தார்கள். ஒரே இடத்தைப் பற்றிப் பலரிடம் கேட்டார்கள். சொன்னது ஒத்துப்போனால் எழுதிக்கொண்டார்கள், ஒத்துப்போகாவிட்டால் தள்ளினார்கள். இப்படிப் பதினைந்து ஆண்டுகள். பிறகு உலகத்தை ஒரு பெரிய வெள்ளித் தட்டில் செதுக்கினார்கள். இத்ரீசி சொல்லும் எடையை இன்றைய கணக்கில் போட்டால் சுமார் 130 கிலோ வரும்.

தட்டை விளக்க ஒரு பெரிய அரபு நூலும், எழுபது படங்களும் தயாராயின. படங்களில் தெற்கு மேலே, வடக்கு கீழே. அரபுப் படக்காரர்களின் வழக்கம் அது. இலங்கையும் அதில் இருக்கிறது, ஸரந்தீப் என்ற பெயரில்.

1154-ம் ஆண்டு ஜனவரியில் நூல் முடிந்தது. கிறிஸ்தவ மன்னரை வாயார வாழ்த்தித் தொடங்குகிறது அந்த முஸ்லிம் அறிஞரின் நூல். மக்கள் அதற்கு வைத்த பெயர் ரோஜரின் புத்தகம்.

பிலிப்பின் முடிவு

அந்த நூல் முடிவதற்குச் சில வாரங்கள் முன்னால் பாலெர்மோவில் ஒரு மனிதரை நெருப்பில் எரித்தார்கள். எரிக்கச் சொன்னவர் ரோஜர்.

எரிந்தவர் பெயர் பிலிப். அரண்மனையில் வளர்ந்தவர். மன்னரின் நம்பிக்கைக்குரிய ஊழியர். ஜார்ஜ் 1151-ல் இறந்த பிறகு கப்பற்படை அவர் கைக்கு வந்தது. அதற்குள் திரிப்போலி, மஹ்தியா முதலிய ஆப்பிரிக்கத் துறைமுகங்கள் ரோஜர் வசமாகியிருந்தன. 1153-ல் பிலிப் போன் என்ற துறைமுகத்தையும் பிடித்துக்கொடுத்தார். அங்கிருந்த முஸ்லிம் பெரியவர்கள் குடும்பத்தோடு தப்பிப் போக வழிவிட்டார் என்பது அவர்மேல் ஒரு குற்றம். வெளிக்குக் கிறிஸ்தவராக இருந்துகொண்டு உள்ளுக்குள் முஸ்லிமாக வாழ்ந்தார் என்பது மற்றொரு குற்றம்.

அரண்மனையில் அப்படி வாழ்ந்தவர்கள் பலர். ஊருக்கே தெரியும். ரோஜருக்குத் தெரியாதா? ஆண்டுக்கணக்காகக் காணாதவர் போல இருந்தவர் அன்று ஏன் கண்டார்?

ரோஜர் அப்போது நோயாளி. அவருடைய பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இறந்து, எல்விராவின் மகன்களில் வில்லியம் ஒருவர்தான் மிச்சம். மன்னர் பாதி முஸ்லிம் என்று வெளிநாடுகளில் பேச்சு. பிரபுக்களும் பாதிரிமார்களும் நெருக்கினார்கள். மகனுக்கு நாட்டைச் சிக்கலில்லாமல் விட்டுப்போக வேண்டும் என்ற கவலை. இவையெல்லாம் காரணமாக இருந்திருக்கலாம். எந்தக் காரணமும் அந்த நெருப்பை அணைக்கப் போதாது. தீர்ப்புச் சொல்லும்போது மன்னர் அழுதார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அழுதார், ஆனால் மன்னிக்கவில்லை.

ஆக, மூன்று மாதங்களுக்குள் மூன்று நிகழ்ச்சிகள். பிலிப் எரிந்தார். இத்ரீசியின் வாழ்த்துடன் நூல் வந்தது. 1154 பிப்ரவரி 26-ம் தேதி ரோஜர் இறந்தார். அவருக்கு வயது 58.

போனவையும் இருப்பவையும்

தாம் எங்கே அடக்கமாக வேண்டும் என்று ரோஜர் முன்பே முடிவு செய்திருந்தார். பாலெர்மோவுக்குக் கிழக்கே கடலோரத்தில் செஃபலூ என்ற ஊர். பெரிய பாறையின் அடியில் 1131-ல் அவர் தொடங்கிய மாதா கோவில் அங்கே இருக்கிறது. புயலில் தப்பிக் கரை சேர்ந்ததற்கு நேர்த்திக்கடனாகக் கட்டினார் என்பது ஊர்க்கதை. பீடத்துக்கு மேலே 1148-ல் முடித்த மாபெரும் ஏசுநாதர் உருவம். அவர் கையில் விரித்த வேதப்புத்தகம். ஒரு பக்கம் கிரேக்கம், ஒரு பக்கம் லத்தீன்.

அந்தக் கோவிலில் 1145-ல் இரண்டு கல் பேழைகளை வைத்தார் ரோஜர். போர்பைரி என்ற கருஞ்சிவப்புக் கல்லால் ஆனவை. எகிப்தில் மட்டும் கிடைத்த கல். ரோமச் சக்கரவர்த்திகளுக்கே உரிய கல். சுரங்கம் மூடிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால் பழைய ரோமத் தூண்களைக் குடைந்துதான் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பேழை தமக்கு. மற்றது தம் நினைவுக்கும் கோவிலின் பெருமைக்கும்.

ஆனால் செஃபலூவுக்குப் பிஷப் பதவியைக் கொடுத்தவர் பழைய தகராறுப் போப்பான அனாக்லீட்டஸ். ரோமாபுரி அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே ரோஜரைப் பாலெர்மோவிலேயே, வேறு போர்பைரிப் பலகைகளால் செய்த கல்லறையில் அடக்கம் செய்தார்கள். செஃபலூப் பாதிரிமார்கள் முறையிட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

1161-ல் மகன் வில்லியத்துக்கு எதிராகக் கலகம் மூண்டது. கூட்டம் அரண்மனைக்குள் புகுந்து கொள்ளையடித்தது. பாலெர்மோ முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டார்கள். இத்ரீசியின் வெள்ளி உலகம் அப்போதுதான் துண்டு துண்டாகப் போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

1194-ல் ஜெர்மன் பேரரசர் ஆறாம் ஹென்றி சிசிலியைப் பிடித்தார். ரோஜர் முடிசூடி 64 ஆண்டுகள் கழித்து, அதே பாலெர்மோவில், அதே கிறிஸ்துமஸ் நாளில் முடிசூடினார். அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் ரோஜரின் மகள். தகப்பனார் இறந்த பிறகு பிறந்தவர். அரண்மனைச் செல்வம் ஜெர்மனிக்குப் போயிற்று. சிங்கப் போர்வையும் போயிற்று. அதன்பின் 1792 வரை ஜெர்மன் பேரரசர்கள் முடிசூடும்போது போர்த்திக்கொண்டது அந்தப் போர்வையைத்தான். விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ!

கான்ஸ்டன்ஸின் மகன் இரண்டாம் பிரெடரிக். தாத்தாவைப் போலவே அரபு அறிந்தவர், அறிஞர்களை ஆதரித்தவர். ஆனால் கலகம் செய்த சிசிலி முஸ்லிம்களை 1220-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் தீவை விட்டுக் கிளப்பி, தென் இத்தாலியில் லுச்சேரா என்ற ஊரில் குடியேற்றியவரும் அவரே. கூரையில் சதுரங்கம் ஆடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களை வரைந்தவர்களின் பேரன்மார் பாலெர்மோவில் இல்லை.

2015-ல் யுனெஸ்கோ, ரோஜரின் அரண்மனைக் கோவிலையும் ஜார்ஜின் கோவிலையும் செஃபலூவையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

செஃபலூவில் வைத்த இரண்டு பேழைகளை 1215-ல் பிரெடரிக் பாலெர்மோவுக்கு எடுத்துக்கொண்டு போனார், தம் குடும்பத்தார் உபயோகத்துக்கு. அவற்றில் ஒன்றில் பிரெடரிக்கே அடக்கமானார். பக்கத்தில் தாத்தா ரோஜர், வேறு கல்லறையில். செஃபலூவுக்கு அந்தப் பேழைகள் திரும்பி வரவே இல்லை.